ஒன்பதில் ஏழு

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. மஞ்சள் வெட்டு, வேக வைக்கறது, காய வைக்கறதுன்னு பொழுது ஓடிப்போச்சு. இந்தத் தடவை காட்டு வேலையைப் பத்தி எழுதலை. ராத்திரி மோட்டார் ரூம் கட்டில்ல உட்கார்ந்து நான் பார்த்த ஒரு இங்கிலீஷ் சீரியலைப் பத்தி எழுதறேன். சிரிக்காதீங்க.

எங்க கிணறு உங்களுக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடுனா வத்திரும். திரும்ப ஊறணும்னா நாலு மணி நேரம் காத்திருக்கணும். வாழை காயுதேன்னு ராத்திரியும் அங்கேயே கிடப்பேன். மகள் பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்தப்ப அவளோட பழைய லேப்டாப்பை எங்கிட்ட விட்டுட்டுப் போனா. அதுல ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’னு ஒரு சீரியல் இருந்துச்சு. 1995-ல இருந்து 2001 வரைக்கும் அமெரிக்காவுல ஓடுனது, ஏழு சீசன். “பாருங்கப்பா, இதுல நாலாவது சீசன்ல ஒருத்தி வருவா. அச்சு அசல் நீங்கதான்”னு சொல்லிட்டுப் போனா.

அடியில ஓடற எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படிச்சுப் பார்த்தேன். பத்தாவது வரைக்கும் படிச்ச இங்கிலீஷ், மெதுவாத்தான் ஓடும்.

கதை இதுதான். வாயேஜர்னு ஒரு விண்கப்பல், ஊர்ல இருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துல போய் மாட்டிக்குது. திரும்பி வர 75 வருசம் ஆகும். கேப்டன் ஒரு பொம்பளை, ஜேன்வேன்னு பேரு. வழியில போர்க்னு ஒரு கூட்டம். அதுங்க ஆளுகளைப் பிடிச்சு, உடம்புல இயந்திரத்தைச் சொருகி, எல்லா மூளையையும் ஒண்ணா இணைச்சிரும். அங்க யாருக்கும் ‘நான்’னு ஒண்ணு கிடையாது. அந்தக் கூட்டத்துல இருந்து வந்து சேர்றவதான் செவன் ஆஃப் நைன். ஒன்பது பேர் கொண்ட குழுவுல ஏழாவது ஆள், அதுவே பேரு. நெசப் பேரு அன்னிகா. சின்னப் புள்ளையா இருக்கறப்ப அப்பா அம்மாவோட சேர்த்துப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஜெரி ரயான்ங்கற நடிகை நடிச்சிருக்காங்க.

முதல்ல பார்த்தப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சிரிக்க மாட்டா, அழ மாட்டா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவா. அப்ப மகள் என்னை இப்படித்தான் நினைச்சிருக்காளா? எங்க அம்மா செத்தப்ப நான் அழுகலைங்க. மூணாம் நாளே தண்ணி கட்டப் போயிட்டேன். எங்க அக்கா வாசல்ல நின்னு, “இவன் மனுசனா, கல்லா”ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரிக் கேட்டுச்சு. மகளுக்கு அப்ப பன்னெண்டாவது பரீட்சை. அவளும் அதைக் கேட்டுட்டுத்தான் நின்னா.

சரி, பார்த்துருவோம்னு பார்த்தேன்.

கேப்டன் அவளை அவ சம்மதம் கேட்காமத்தான் அந்தக் கூட்டத்துல இருந்து பிரிக்கறாங்க. என்னைத் திருப்பி அனுப்புங்கன்னு கத்தறா. ஆயிரமாயிரம் குரல் கேட்டுட்டு இருந்த மண்டைக்குள்ள திடீர்னு ஒண்ணுமே கேட்கலைன்னா எப்படி இருக்கும்? அந்த எபிசோடு முடியறப்ப, ஒண்ணும் பேசாம நின்னவ, சிவப்புங்கறா. நீங்க சொன்னீங்களே ஒரு புள்ளை, அதுக்குப் பிடிச்ச நிறம் அதுதான்னு சொல்றா. தன்னையே ஆரோ அடுத்த வீட்டுப் புள்ளை மாதிரிச் சொல்றா. அங்க நிறுத்திட்டுப் போய் மடை மாத்திட்டு வந்தேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதே சீசன்ல ‘ஒன்’னு ஒரு எபிசோடு. கப்பல் ஒரு விஷ மேகத்துக்குள்ள ஒரு மாசம் போகணும். மனுசங்க தாங்க மாட்டாங்க. ஏறக்குறைய 150 பேரையும் பெட்டிக்குள்ள படுக்க வெச்சுத் தூங்க வெச்சிட்டு, செவனும் டாக்டரும் மட்டும் முழிச்சிருக்காங்க. டாக்டர் மனுசன் இல்லை, ஒளியால ஆன ஆளு. அவர்தான் அவளுக்கு நாலு பேர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு பழக்கிவிடறவர். எபிசோடு ஆரம்பத்துல அந்தப் பழக்கம் நடக்கும். ரேஷன் கார்டுக்கு விவரம் எடுக்கறவங்க மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் வரிசையாக் கேள்வி கேட்பா. நானும் கல்யாண வீட்டுல அப்படித்தான், மழை உண்டா, மஞ்சள் என்ன விலைன்னு ரெண்டு கேள்வி. அதுக்கு மேல வராது.

நாள் போகப் போக டாக்டரும் நின்னு போறாரு. தனி ஆளா அத்தனை பெரிய கப்பல். இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரியுது, கேட்காத குரல் கேட்குது. கடைசியில கரண்ட் பத்தலை. தூங்கறவங்க பெட்டிக்குப் போகட்டும்னு, தான் மூச்சு விடற காத்துக்கான கரண்ட்டை எடுத்து அங்க திருப்பிவிட்டுட்டு விழுந்துடறா. பொழைச்சு எந்திரிச்ச பின்னாடி ஒரு சின்னக் காட்சி. சாப்பிடற இடத்துல மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. அவளா போய் அவங்க மேசையில உட்கார்றா. ஆரும் கூப்பிடலை. அவ்வளவுதான் காட்சி. இருட்டுல நான் ஒரு ஆளாக் கிடந்து அதைப் பார்த்தேன்ங்க. அடுத்த நாள் காலையில டீக்கடை பெஞ்சுல கால் மணி நேரம் கூட உட்கார்ந்தேன்னா பார்த்துக்குங்க.

குறை சொல்லாம விட முடியாது. அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு இறுக்கமான உடுப்பு எதுக்கு? மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒழுங்கா யூனிஃபார்ம் போட்டிருக்காங்க. கடைசி எபிசோடுகள்ல ஒரு காதலைச் சேர்த்துவிட்டிருக்காங்கன்னு மகள் சொன்னா. வேண்டாத வேலை. அவளை மாத்துனது பூரா புள்ளைங்கதான். ஒரு எபிசோடுல விபத்தா உருவான ஒரு பையனை வளர்க்கறா, அவன் மத்தவங்களைக் காப்பாத்தறதுக்காகச் செத்துப் போறான். பின்னாடி அவளை மாதிரியே போர்க்கிட்ட மாட்டியிருந்த நாலு புள்ளைங்க வந்து சேருது. அட்டவணை போட்டு வளர்க்கறா. எத்தனை மணிக்குப் படிப்பு, எத்தனை மணிக்கு விளையாட்டுன்னு.

ஏழாவது சீசன் ரெண்டாவது எபிசோடுல, அதுல மூணு புள்ளைங்களை அனுப்பி வைக்கறாங்க. அவ விறைப்பா நிக்கறா, ஒரு கண்ணுல மட்டும் தண்ணி. கண்ணுல வெச்சிருக்கற கருவி பழுதுங்கறா. அப்புறம் அவ தலைக்குள்ள இருக்கற ஒரு பாகமே நெசமாவே கெட்டுப் போகுது. மிச்சம் இருக்கற பையன் இச்செப், தன்னோட பாகத்தைத் தானே கழட்டிட்டு, இதை எடுத்துக்குங்கன்னு நிக்கறான். வேண்டாங்கறா. அவன் விடலை.

அன்னிக்கு ராத்திரி பத்தரைக்கு மகளுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பயந்துட்டா. “ஒண்ணுமில்லை கண்ணு”ன்னு சொல்லிட்டு, “அவ என்னை மாதிரின்னு சொன்னியே, உங்க பாட்டி செத்தப்ப நான் அழுகலைன்னா?”ன்னு நேராவே கேட்டுட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அதில்லைங்கப்பா”ன்னா. “என்னை பெங்களூருக்கு பஸ் ஏத்திவிட வந்தீங்களே, அப்ப கண்ணைத் துடைச்சுட்டு தூசின்னீங்க.”

“ஆமா, தூசிதான்.”

“அன்னிக்கு மழைங்கப்பா. ரெண்டு பேரும் நனைஞ்சுட்டு நின்னோம்.”

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. கிணத்துல தண்ணி ஊறியிருக்கும், மோட்டார் போடணும்னு சொன்னேன். அவ சிரிச்சா. வெக்கலாமான்னு கேட்டதுக்கு, இரு, வாழை மொத்தம் எத்தனை வரிசை பாக்கின்னு சொல்றேன்னு ஆரம்பிச்சு, மோட்டார் போடாமயே அரை மணி நேரம் பேசிட்டு இருந்தேன்ங்க.