சொல்லிக்கொண்டு போவது

இந்தத் தை மாதத்தில் ஒரு மாலை, என் தம்பி மகன் காட்டுப்பள்ளியிலிருந்து என்னைக் காண வந்தான். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில், 2013ஆம் ஆண்டு துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின்னர், வலை இழுத்த கைகள் பல மாதச் சம்பளத்துக்கு மாறின. அவனும் சரக்குந்து நடத்தும் ஒருவரின் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கெழுதி வந்தான். நியமன ஆணை இல்லை. கையொப்பமிட்ட தாள் ஒன்றும் இல்லை.

தம்பிக்குப் பக்கவாதம் கண்டு, ஃபைபர் படகு கரையில் கிடந்தது. மகன் கடலுக்குத் திரும்ப விரும்பினான்.

"பெரியப்பா, ஒரு மாசம் முன்னாடி சொல்லலைன்னா இந்த மாசச் சம்பளம் கிடையாதாம். சட்டமே அப்படித்தானாம்."

அச்சொல் என்னைச் சுட்டது. என் இளமையில் பொன்னேரியில் ஓர் அரிசி ஆலையை விட்டு நின்றபோது, இதே சொல்லுக்கு அஞ்சிப் பதினொரு நாள் கூலியைக் கேளாமல் வந்தவன் நான். எந்தச் சட்டம் என்று கேட்கவும் அன்று தோன்றவில்லை.

இம்முறை தேடிப் பார்த்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, தன் 41ஆம் பிரிவில் ஒரு மாத முன்னறிவிப்பைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. ஆனால் அக்கடமை முதலாளிக்குரியது. ஆறு மாதம் தொடர்ந்து உழைத்தவரை நீக்குவதற்குத் தக்க காரணமும் வேண்டும். முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தரவும் வேண்டும். தானாக விலகுகிறவர் இத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. தில்லியின் 1954ஆம் ஆண்டுச் சட்டமோ மூன்று மாதம் பணியாற்றிய ஊழியரிடமும் ஒரு மாத அறிவிப்பைக் கேட்கிறது. பெரிய ஆலைகளின் நிலையாணைகளும் கேட்பதுண்டு. ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும் ஒன்றைச் 'சட்டமே அப்படித்தான்' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

அவ்வாறு சொல்லும் வழக்கத்துக்கு வயது அதிகம். 1859ஆம் ஆண்டின் சட்டமொன்று, முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிட்ட தொழிலாளியைச் சிறைக்கே அனுப்ப இடமளித்தது; சென்னை நகரமும் அதற்கு உட்பட்டிருந்தது. 1925இல்தான் அதை நீக்கினார்கள்.

ஆயினும் தம்பி மகனிடம் ஒன்றை மறைக்க என் மனம் ஒப்பவில்லை. தாள் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்றாகாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்பாட்டையும் ஏற்கிறது. கால அளவு பேசப்படாத இடத்தில் 'நியாயமான' அறிவிப்பு தேவை என்று வழக்காட முதலாளிக்கு வழியுண்டு. நேர்ந்த இழப்பை அவர் மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக, உழைத்து முடித்த நாட்களின் கூலியைத் தாமாகவே பிடித்துவைத்தல் ஆகாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்கும் இரண்டு வேலைநாட்களுக்குள் பாக்கியைத் தரச் சொல்கிறது.

பழவேற்காடு ஏரியில் வலையிடப் 'பாடு' என்னும் முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் இறங்குவது என்பதை ஊரார் கூடி வகுத்துக்கொள்வர். அரசின் முத்திரை அதற்கு இல்லை; ஆனால் தன் முறையல்லாத நாளில் ஒருவன் இறங்கிவிட்டால் ஊரே கேட்கும். எழுதாத சொல்லின் கனம் எங்கள் மக்களுக்குத் தெரியாததன்று. அது இருபுறமும் கட்டுகிறதா என்பதே என் கேள்வி.

"பதினைந்து நாள் இருந்துட்டுப் போறேன். புதுசா வந்த பையனுக்குக் கணக்கு இன்னும் பிடிபடலை" என்றான் அவனாகவே. நான் சொல்ல நினைத்ததும் அதுதான், அவன் முந்திக்கொண்டான்.

கடிதம் எழுதினோம்: சேர்ந்த மாதம், விலகும் நாள், வர வேண்டிய பாக்கி. அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட மறுத்தனர். அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினான். பதினைந்து நாட்களும் ஒழுங்காகச் சென்றான்.

பணம் ஆறாம் நாள் வந்தது, மூன்று நாள் சம்பளம் குறைவாக. இன்று காலை கடிதத்தின் படியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு அதைக் கேட்கப் போயிருக்கிறான். படகுக்கு வண்ணம் பூசும் வேலையை மதியத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.