மின்சுற்றும் இன்னிசையும்

இல்லத்தில் இசை கேட்டற்கு ஆம்ப்ளிபையர் வாங்கச் செல்வோர் முதற்கண் வினவுவது, "இஃது எத்தனை வாட்?" என்பதே. உறுப்புகளை இணைக்கும் மின்சுற்று செவ்விதின் அமைந்துளதா என வினவுவார் மிகச் சிலர். சொற்கள் நல்லனவாயினும் தொடர் பிழைபடின் பொருள் சிதையுமன்றோ? ஒலியின் இயல்பும் அத்தகைத்தே.

ஆம்ப்ளிபையர் ஒலியைப் பெருக்குங்கால் சிறிது திரித்தே தரும். அத்திரிபைக் குறைக்கும் வழியை, தொலைபேசித் துறையில் உழைத்த அமெரிக்க அறிஞர் ஹரால்டு பிளாக் 1927-ஆம் ஆண்டு கண்டார். பணிக்குச் செல்லும் படகிலேயே, கையிலிருந்த செய்தித்தாளின் மீது வரைந்தார். வெளிவரும் மின்னலையின் ஒரு பகுதியை எதிர்முகமாக்கி நுழைவாயிலுக்கே மீண்டும் செலுத்தின், பெருக்கம் குறையும். திரிபும் உடன் குறையும். ஆயின், சுற்று செவ்வனே அமையாவிடின், உயர்ந்த அதிர்வெண்களில் அவ்வலை காலந்தாழ்ந்து திரும்பும். எதிர்க்க வேண்டியது துணைநிற்க, கருவி தானே அலறத் தொடங்கும். மருந்தே நோயாகும் நிலை இது. இவ்விடரை உணர்ந்து, டி. டி. என். வில்லியம்சன் தம் ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்பார்மரை மிக அகன்ற அதிர்வெண் எல்லைக்கு ஏற்ப வகுத்தார். 1947-இல் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளிவந்த அவ்வமைப்பில், 15 வாட் ஆற்றலிலும் திரிபு 0.1 விழுக்காட்டிற்குக் குறைந்தே நின்றது. இல்லத்திசைக்கு அது நெடுங்காலம் அளவுகோலாயிற்று.

இவ்வுண்மையை யாம் எம் இல்லத்தும் கண்டேம். மறைந்த எம் பாட்டியார் பாடிய தாலாட்டு ஓர் ஒலிநாடாவில் உளது. அவர் குரல் மெல்லியது. எம் ஆம்ப்ளிபையரிலோ ஓயாத இரைச்சல். குரலைக் கூட்டின் இரைச்சலும் உடன் கூடிற்று. ஒருநாள் எம் தாய்மாமன் கருவியைத் திறந்து நோக்கினார். மின்தேக்கிகளை நிரப்பும் வலிய மின்னோட்டமும், குரலைச் சுமக்கும் மெல்லிய மின்னோட்டமும் ஒரே கம்பியின் வழித் திரும்பின. அவ்விரண்டிற்கும் வெவ்வேறு கம்பி அமைத்தார். வேறோர் உறுப்பையும் மாற்றினாரல்லர். இரைச்சல் அடங்கிற்று. ஈரடிகளுக்கிடையே பாட்டியார் மூச்சு வாங்குவதையும் கேட்டேம். எம் அன்னையார் வாய் திறந்திலர். மாமன் கையிலிருந்த கருவியைக் கீழே வைக்கவும் மறந்தார்.

ஆதலின், அன்பர்காள்! கருவி வாங்குங்கால் வாட் எண்ணை மட்டும் நோக்கி மயங்கற்க. மிக மெல்லிய ஓசையை அது எங்ஙனம் தருகின்றது எனச் செவிகொடுத்து ஆராய்க. உரக்க ஒலித்தல் எக்கருவிக்கும் எளிது. பிறர் குரலைத் தன் குரல் கலவாது உரைத்தலே அரிது.