மண்ணின் மைந்தரும் வந்தேறியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கருத்தரங்கில் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலம் குறித்து உரையாற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். முதியவர் ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, "முஸ்லிமாக இருந்தும் எவ்வளவு நல்ல தமிழ்!" என்று மனமாரப் பாராட்டினார். அவர் அன்பில் கலப்படமில்லை. ஆயினும் இலக்கணம் கற்பிப்பவனுக்கு 'இருந்தும்' என்பதிலுள்ள உம்மையின் பொருள் விளங்காதா? உமறுப்புலவர் தொடங்கிக் குணங்குடி மஸ்தான் சாகிபு வரை பெயர்களை அடுக்கினேன். வீடு திரும்பும் வழியில், என் தாய்மொழிக்கு நானே சாட்சிகளைத் தேடி அலைந்ததை எண்ணி வெட்கினேன்.

அந்நாளில்தான் அரசியல் அறிவியல் பயிற்றும் நண்பர் ஒருவர் மஹ்மூத் மம்தானியின் நூலொன்றைப் படிக்கத் தந்தார். நூலைவிட முதலில் என்னை ஈர்த்தது அவருடைய வாழ்க்கை.

குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் 1946இல் பம்பாயில் பிறந்த மம்தானி, உகாண்டாவின் கம்பாலா நகரில் வளர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம் அது. உகாண்டா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1963இல், உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கலந்து சிறையும் கண்டார். பின்னர்த் தாயகம் திரும்பிய அவரை, 1972இல் இடி அமீனின் ஆணை எதிர்கொண்டது. ஆசியர்கள் 90 நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்! பல்லாயிரவரோடு அவரும் ஏதிலியாய் இலண்டன் சேர்ந்தார்.

அமீன் வீழ்ந்தபின் திரும்பிவந்து மக்கரேரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அரசை விமர்சித்தார் என்பதற்காக 1984இல் அவர் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் மீண்டும் உகாண்டாவுக்கே திரும்பினார். பின்னாளில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரான பிறகும், 2010 முதல் 2022 வரை மக்கரேரேயின் சமூக ஆய்வு நிறுவனத்தை இயக்கினார். தன்னைத் துரத்திய மண்ணை அவர் துறக்கவில்லை.

'யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி?' அவர் வாழ்வைப் புரட்டிப்போட்ட இவ்வினாவே அவர் ஆய்வின் மையமாயிற்று. 1996இல் வெளிவந்த 'சிட்டிசன் அண்ட் சப்ஜெக்ட்' என்னும் நூலில் அவர் காட்டுவது இது: குடியேற்ற ஆட்சியர் நகரத்தாரை இனம் பார்த்து உரிமைச் சட்டத்தால் ஆண்டனர், நாட்டுப்புறத்தாரைக் குலங்களாகப் பிரித்து, தலைவர்களையும் 'வழக்காற்றுச் சட்டத்தையும்' கொண்டு ஆண்டனர். விடுதலைக்குப்பின் நகரத்து நிறச்சுவர் இடிந்தது. நாட்டுப்புறத்துக் குலச்சுவர் பெரும்பாலும் அப்படியே நின்றது. இம்முறையின் வேரை அவர் 1857க்குப் பிந்தைய இந்தியாவிலும், இங்கே சட்ட உறுப்பினராய் இருந்த ஹென்றி மெயினின் சிந்தனையிலும் கண்டார்.

ருவாண்டா குறித்து 2001இல் அவர் எழுதிய நூல் நெஞ்சை உலுக்குவது. ஹூட்டு, டுட்சி இருவருக்கும் பேசும் மொழி ஒன்றே. பெல்ஜிய ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் அப்பெயர்களைப் பொறித்தது. ஒருவர் மண்ணுக்குரியவர், மற்றவர் வெளியிலிருந்து வந்தவர் என்னும் எண்ணத்தையும் ஊன்றியது. 1994இல் ஏறத்தாழ 100 நாள்களில் சுமார் 8 இலட்சம் உயிர்கள் மாய்க்கப்பட்டன. நேற்று ஒடுக்கப்பட்டவர் இன்று கொலைஞராக மாறியது எவ்வாறு என்பதே அந்நூல் எழுப்பும் வினா.

பண்பாட்டு அடையாளம் நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்வது. அரசியல் சமூகமோ இனி யாரோடு சேர்ந்து வாழப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. முன்னதைக் கொண்டு பின்னதை அளப்பதே பிழை. மம்தானியிடம் நான் கற்ற பாடம் இதுவே.

இப்பாடம் எனக்கு இனிக்கவில்லை, சுட்டது. முதியவரின் 'இருந்தும்' என்னும் சொல்லை நொந்துகொண்ட நான், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்லியிருந்தேன். தமிழ் இலக்கியம் பயில விரும்பி வந்த மாணவர் ஒருவரிடம், "வீட்டில் உருது பேசுகிறவருக்குத் தமிழ் இலக்கியம் எதற்குத் தம்பி?" என்றேன். நன்மை சொல்வதாகவே நினைத்தேன். அவர் மறுமொழி கூறாமல் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு வேறு துறைக்குச் சென்றார். ஒரு கேள்வியால் ஒருவரை வந்தேறியாக்கிவிடலாம். அதற்கு ஆணையும் படையும் வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, அந்தத் தம்பியை அதன்பின் நான் சந்திக்கவில்லை. இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின், இதனை என் வருத்தமாக அவர் ஏற்கட்டும். இப்போதெல்லாம் சேர்க்கைக்கு வருவோரிடம் வீட்டுமொழி எதுவென்று நான் கேட்பதில்லை. எந்த நூலைப் படிக்க ஆவல் என்று மட்டுமே கேட்கிறேன்.