பெயரோடு ஒட்டிய புனிதம்

தில்லி மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. புனித தாமஸ் பெயரில் ஒரு பெண்கள் பள்ளியும் அதே சாலையில் உண்டு. பிர்லா மந்திர் என்று ஊரே சொல்லும் லட்சுமி நாராயணர் கோயிலை 1939இல் காந்தி திறந்துவைத்தபோது இந்தச் சாலைக்குப் பெயர் ரெடிங் ரோடு. 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்தவரின் பெயர் அது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'ரீடிங்' என்றுதான் வரும். ஆனால் அப்படிச் சொன்னால் ஆங்கிலேயர் திருத்துவார்கள். தங்கள் பெயரை எழுத்தை நம்பிப் படிக்கக் கூடாது என்று அறிந்த அந்த மொழிதான், ஸ்பானியர் பெயரிட்டுப் போன ஊர்களையும் பெரும்பாலும் ஸ்பானிய ஒலிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இன்று தமிழர் நிறைய வாழும் ஊர் ஒன்றை நம் இதழ்கள் 'சான் ஜோஸ்' என்று அச்சிடுகின்றன. 1777இல் ஸ்பானியர் அமைத்த அந்தக் குடியிருப்புக்குப் புனித சூசையப்பரின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் பேசும்போதும் அங்குள்ளவர்கள் 'சான் ஹோசே' என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் ஹகரமும் இருக்கிறது, ஏகாரமும் இருக்கிறது. சரியாக எழுதத் தடை ஒன்றுமில்லை.

இந்தப் பெயர்களில் 'சான்' என்பது கழற்றி மாட்டக்கூடிய பட்டம் அல்ல, ஊர்ப்பெயரின் உறுப்பு. சான் டியகோவை 'செயின்ட் டியகோ' என்று ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. புனிதர் பெண்ணாக இருந்தால் 'சாந்தா': சாந்தா பார்பரா, சாந்தா மோனிகா. ஆண்களில் தொமாஸ், தொமிங்கோ போன்ற சிலருக்கு மட்டும் 'சாந்தோ' என்று முழுச்சொல் வரும். டொமினிக்கன் குடியரசின் தலைநகரம் சாந்தோ தொமிங்கோ. பழைய ஆங்கில நூல்கள் சில அதை 'சான் டொமிங்கோ' என்று குறுக்கின. மணிலாவில் 1611இல் தோன்றிய பல்கலைக்கழகம் சாந்தோ தொமாஸ். அந்தத் தொமாஸ் இயேசுவின் சீடர் அல்லர், இறையியல் அறிஞர் அக்குவினாஸ்.

சீடரான தோமையாரின் பெயர் நம் கடற்கரையில் இருக்கிறது. 1520களில் போர்ச்சுகீசியர் மயிலாப்பூரில் குடியேறி விட்டுச்சென்ற பெயர்தான் சாந்தோம். 'சாந்தோம் சர்ச்' என்பது சரி. 'செயின்ட் சாந்தோம்' என்றால் ஒரே புனிதரை இரண்டு முறை புனிதராக்குகிறோம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பரங்கிமலை. ஆங்கிலத்தில் அது செயின்ட் தாமஸ் மவுண்ட். சீடர் ஒருவர்தான், பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான். ஒன்று போர்ச்சுகீசியத்தோடு நின்றது, மற்றது ஆங்கிலமாயிற்று. இரண்டையும் அதனதன் வடிவிலேயே எழுத வேண்டும்.

தமிழ்க் கத்தோலிக்கர் இந்தப் பெயர்களைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புனித யாகப்பரை ஸ்பானியர் 'சாந்தியாகோ' என்றார்கள். சிலியின் தலைநகருக்கு 1541இல் வைத்த பெயரும் அதுதான். அந்த ஒலி நம் கரைக்கு வந்து சந்தியாகு ஆயிற்று, சந்தியாகப்பர் ஆயிற்று. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் கோயிலுக்கு ஜூலைத் திருவிழாவில் கூட்டம் அலைமோதும். சந்தியாகு என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதர்கள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பேர். அதற்குள் ஒரு புனிதர் பட்டம் ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை, பெயர் தமிழாகிவிட்டது. மாதாவின் தாயான 'சாந்தா அனா' சந்தன மாதா ஆனது இதைவிட அழகு. அந்நிய ஒலி தேய்ந்து சந்தனமாக மணக்கிறது. இப்படி மக்கள் வாயில் பல தலைமுறை புழங்கி மாறிய பெயரும், அவசரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த 'சான் ஜோஸ்' என்ற பெயரும் ஒன்றல்ல. திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆனதைப் பார்த்து வருந்தும் நமக்கு இந்த வேறுபாடு தெரியும்.

இன்னொரு தவறு பொருளையே மாற்றிவிடும். 'சாந்தா' என்று தொடங்கும் பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண் புனிதர் இருக்க வேண்டியதில்லை. நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே என்றால் புனித விசுவாசம். கோட்டைக் கொச்சியில் இருக்கும் சாந்தா குரூஸ் பேராலயத்தைப் 'புனித குரூஸ் ஆலயம்' என்று தமிழாக்கினால் அப்படி ஒருவர் வாழ்ந்ததாகப் படிப்பவர் எண்ணிக்கொள்வார். குரூஸ் என்பது ஆளின் பெயரல்ல, சிலுவை. திருச்சிலுவைப் பேராலயம் என்று எழுதலாம், அல்லது சாந்தா குரூஸ் என்றே விட்டுவிடலாம்.