ரிவர்ஸ்டன் கணவாயின் கடைவாசல்

இலங்கையின் மாத்தளையில் தொடங்கி ரத்தோட்டையைக் கடந்து இலுக்கும்புர, பல்லேகம நோக்கிச் செல்லும் மலைச்சாலை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகட்டில் ஏறி மறுபுறம் இறங்கும் இடமே ரிவர்ஸ்டன். தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் ஒரு சிகரமும், அதை நோக்கிப் பிரியும் பாதையும், காற்றின் வேகத்தால் ஆள் உயரத்திற்குமேல் வளர இயலாமல் குறுகிப்போன மரங்களும் அன்றி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும், ஒரு பெருநகரச் சதுக்கத்திடம் நகரமைப்பு அறிஞர்கள் எதிர்பார்க்கும் பணியை, அதாவது ஒருவரையொருவர் அறியாத பல சமூகத்தாரை ஒரே வேளையில் ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் பணியை, இந்தக் கணவாய் எவரும் திட்டமிடாமலேயே செய்துவருகிறது. பல்வேறு தேவைகளுக்காகப் பல்வேறு மனிதர்கள் பயன்படுத்தும் இத்தகைய இடத்தைக் கலப்புப் பயன்பாட்டுப் பொதுவிடம் என்பர். ஒரு தெரு உயிரோடு இருக்கவேண்டுமானால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பயன்கள் வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களை முன்வைத்து வாதிட்டார். அவர் கண்முன் இருந்தவை நியூயார்க்கின் நடைபாதைகள். மூடுபனி சூழ்ந்த ஒரு மலைவளைவுக்கும் அந்த வாதம் பொருந்துமா என்பதை அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்துத்தான் அறிய முடியும்.

மதுரையிலிருந்து செல்லும் தமிழ்ப் பயணி ஒருவர் இந்தச் சாலைக்குக் கொண்டுவரும் மனநிலை எளிதானதன்று. இலங்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் வடக்கும் கிழக்கும் போரும்தான். மலையகத்தைப் பற்றிய அறிவு தேயிலைப் பொட்டலத்தின் படத்தோடு நின்றுவிடுகிறது. மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எஞ்சியோர் தமிழரும் முஸ்லிம்களும். இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பேருந்தில் அமரும் பயணி, கைபேசியில் வீட்டாரோடு பேசும்போது குரலைத் தானாகவே தாழ்த்திக்கொள்கிறார்; அருகில் இருப்பவர் எந்தச் சமூகத்தவர் என்பதை உடையிலிருந்தும் நெற்றியிலிருந்தும் கணிக்க முயல்கிறார்.

மாத்தளை நகரம் இந்த அச்சத்திற்குக் காரணமும் தருகிறது, மறுமொழியும் தருகிறது. நகரின் நடுவே, வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் முத்துமாரியம்மன் கோயில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த தமிழகத் தொழிலாளர், பசியிலும் காலராவிலும் வழியில் மாண்டவர்கள் போக, உயிரோடு வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 1983 ஜூலை வன்முறையில் தீவைப்புக்குள்ளான அக்கோயில் மீண்டும் எழுந்தது; மாசிமகத்தில் ஐந்து தேர்கள் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வணிகம் செய்யும் அதே கடைத்தெரு வழியாகத்தான் இன்றும் இழுக்கப்படுகின்றன. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து ஜூலை இறுதியில் புறப்பட்ட நடைபயணம், முன்னோர் நடந்த தடத்தைத் தொடர்ந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் கடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. சோமு, வடிவேலன், மலரன்பன், கார்த்திகேசு என எழுத்தாளர் பலர் இவ்வூரைத் தம் பெயருக்கு முன்னால் ஏந்திக்கொண்டிருப்பதன் நியாயம் அந்தச் சாலையோரத்தில் நிற்கும்போது புரிகிறது.

ரத்தோட்டைக்கு மேலே சாலை வளையத் தொடங்கியதும் லயன்கள் தென்படுகின்றன. லயன் என்பது தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறைக் குடியிருப்பு. தோட்டத்திற்குள்ளும் மக்கள் கூடும் இடங்கள் உண்டு: காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், பறித்த இலையை நிறுக்கும் கொழுந்து மடுவம், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரே பயனுக்கானவை, மேற்பார்வைக்கு உட்பட்டவை. அங்கே தோட்டத்திற்கு வெளியே வாழும் சிங்களக் கிராமத்தவர் வருவதற்குக் காரணமே இல்லை. அடுத்தடுத்து வாழ்ந்த இரு சமூகங்களைத் தலைமுறைகளாக அந்நியராகவே வைத்திருந்ததில் மொழிக்கும் மதத்திற்கும் இருந்த பங்கைவிட இந்த இட அமைப்புக்கு இருந்த பங்கு பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

முகட்டின் அருகே சாலையோரம் தகரக் கூரையிட்ட ஒரு சிறு தேத்தண்ணிக் கடை. கடையை நடத்துபவர் கிழக்குச் சரிவின் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி. தேங்காய்ப்பூ ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு, இவ்வளவே அங்கே கிடைப்பவை. தேநீரில் சீனி போடாமல், கருப்பட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு பருகும் முறையை மதுரைக்காரருக்குக் கற்றுக்கொடுத்தவர், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு ட்ரிப் வந்திருந்த ஒரு மூதாட்டி. "மெதுவா குடிங்க தம்பி, கருப்பட்டி தானாக் கரையும்" என்று அவர் உரக்கச் சொன்னபோது, அந்தக் கூரையின்கீழ் மிக உயர்ந்து ஒலித்த குரல் தமிழாகவே இருந்தது. பேருந்தில் குரலைத் தாழ்த்திப் பேசியவருக்கு அது வியப்பாகவும் சிறிது நாணமாகவும் இருந்தது. உக்குவளைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று சோற்றுப் பாத்திரத்தோடு விசுப்பலகையின் பாதியைப் பிடித்திருந்தது. மறுபாதியில் வெற்றிலைப் பையோடு மாத்தளைப் பேருந்துக்குக் காத்திருந்த இலுக்கும்புர முதியவர். வாசலில் தலைக்கவசங்களைக் கழற்றாத மோட்டார்சைக்கிள் இளைஞர்கள். பேருந்து நிறுத்தம், உணவுக்கடை, காட்சிமுனை, மழைக்கு ஒதுங்கும் இடம் ஆகிய நான்கும் அந்த ஒரே கூரை.

பொதுவிடங்களில் அந்நியர்கள் பேசத் தொடங்குவது எப்படி என்பதை நியூயார்க் சதுக்கங்களில் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980இல் வெளியிட்ட நூலில், இருவருக்கிடையே மூன்றாவதாக ஒரு பொருளோ நிகழ்வோ வந்து அவர்களைப் பேசவைப்பதைச் சுட்டி, அதை முக்கோணிப்பு என்ற கருத்தாக விளக்கினார். தெருப்பாடகர் அல்லது ஒரு சிற்பம் அங்கே மூன்றாவது முனையாகிறது. ரிவர்ஸ்டனில் அந்த முனை பெரும்பாலும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் வேறுவேறு காலங்களில் மோதும் முகடு அது. மேற்கே ஈரமும் பனியும் நிறைந்த தோட்டப் பகுதி, கிழக்கே சற்றுத் தொலைவிலேயே வறண்ட காடு. பனி எப்போது விலகும், மறுபக்கம் மழையா என்ற கேள்வி எவரும் எவரிடமும் கேட்கத்தக்கது. கிழக்கிலிருந்து ஏறிவந்தவர் மட்டுமே அதற்கு மறுமொழி சொல்ல முடியும்.

அன்று அதைவிடக் கூர்மையான மூன்றாவது முனை ஒன்று வந்தது. கொழும்புப் பக்கத்திலிருந்து வேனில் வந்த இளைஞர் கூட்டம் உண்டு முடித்தபின், ஒருவர் சோறு பொதிந்திருந்த லஞ்ச் சீட்டைச் சாலையோரத்தில் போட, காற்று அதைத் தூக்கிக் குறுமரங்களின்மேல் விரித்தது. வெற்றிலைப் பை முதியவர் எழுந்து சிங்களத்தில் கடிந்தார். இளைஞர் எதிர்த்துப் பேசினார். வேனிலிருந்து மேலும் மூவர் இறங்கினர். அவர்களுள் தமிழில் பேசியவரும் இருந்தார், சிங்களத்தில் பேசியவரும் இருந்தார். இனி ஆட்கள் இனவாரியாகப் பிரிந்து நிற்பார்கள் என்று பயணியின் மனம் எதிர்பார்த்தது. அந்தப் பிரிவு வரவேயில்லை. கருப்பட்டி சொல்லிக்கொடுத்த தோட்டத்து மூதாட்டி முதியவர் பக்கம் நின்றார், அதுவும் பிழையற்ற சிங்களத்தில். கடைக்காரப் பெண்மணி அவரோடு சேர்ந்துகொண்டார். உக்குவளைக் குடும்பத்தலைவர் இரு தரப்பையும் ஆற்றிவிட்டு, கடையின் பின்புறமிருந்து வெற்று உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினார். லஞ்ச் சீட்டைப் போட்ட இளைஞர் முகம் சிவந்தபடியே சரிவில் இறங்கி அதை எடுத்துவந்து சாக்கில் போட்டார்.

அந்தச் சண்டையில் இருந்த இரு தரப்புகள் எவை என்பதே இங்கு சிந்திக்கவேண்டியது. ஒரு பக்கம் அந்தச் சாலையோடு நாளும் வாழ்பவர்கள்: கீழே ஓடும் ஓடையின் நீரைக் குடிப்பவர், அங்கே கடை வைத்திருப்பவர், அடுத்த சரிவின் தோட்டத்தில் வாழ்பவர். மறுபக்கம் ஒரு நாளைக்கு வந்து போகிறவர்கள். தேர்தல் மேடையிலும் செய்தித்தாளிலும் காலங்காலமாகக் கீறப்பட்ட கோடு வேறு. கடைவாசலில் சில நிமிடங்களுக்கு உருவான கோடு வேறு. பொதுவிடம் மனிதர்களை ஒன்றுசேர்க்கிறது என்று சொல்லும்போது பலரும் புன்னகையையும் விருந்தோம்பலையும் எண்ணுகிறார்கள். ஓர் இடத்தைத் தமது என்று உணர்பவர்களே அதற்காகச் சண்டையிடுவர். வெவ்வேறு சமூகத்தார் ஒரே தரப்பில் நின்று சண்டையிட வாய்ப்பளிக்கும் இடம், அவர்களை அருகருகே உட்காரவைக்கும் இடத்தைவிட ஆழமாக ஒன்றைச் செய்கிறது.

கணவாயைக் கடந்து இறங்கினால் பிட்டவல பத்தன என்ற புல்வெளி வருகிறது. பாறைமேல் மெல்லிய மண் படிந்த, வேறெங்கும் அரிதான தவளையினம் ஒன்று வாழும் இடம். வனத்துறையின் அனுமதிச்சீட்டோடு உள்ளே சென்றால், புல்வெளியின் விளிம்பில் செங்குத்தான பள்ளத்தைப் பார்க்கலாம். காட்சி மனத்தை நிறைக்கிறது. ஆனால் அங்கே குழுக்கள் குழுக்களாகவே நடந்தன, படமெடுத்தன, திரும்பின. அங்கே காத்திருப்பவர் இல்லை, விற்பவர் இல்லை, அருகில் வாழ்பவர் எவருக்கும் அங்கே வர வேலையும் இல்லை. பார்ப்பது என்ற ஒரே பயன், பார்வையாளர் என்ற ஒரே வகை மனிதரையே உண்டாக்குகிறது.

இந்தப் புல்வெளியைச் சூழ்ந்த காடு முன்பு மனிதரின்றி இத்தனை வெறுமையாக இருந்ததில்லை. நக்கிள்ஸின் மேல்மரங்களின் நிழலில் நீண்டகாலம் ஏலக்காய் பயிரிடப்பட்டது. அரசிடம் குத்தகைக்கு எடுத்த நிலங்களில் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் நட்டு, காட்டுக்குள்ளேயே போறணை அமைத்து, அதாவது உலர்த்தும் சூளை கட்டி, விறகெரித்துக் காய்களை உலர்த்தினர். காட்டின் இளங்கன்றுகள் அழிந்ததும் விறகுக்காக மரங்கள் வீழ்ந்ததும் உண்மை. 2000இல் பேணற்காடாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இப்பகுதியில் அப்பயிர்ச்செய்கைக்கு இடமில்லை. சேனைப் பயிருக்கும், அதாவது காட்டை எரித்து இடம் மாற்றி விதைக்கும் முறைக்கும் இடமில்லை. காடு காக்கப்படவேண்டியதே. ஆயினும் காட்டிலிருந்து விலக்கப்பட்ட கிராமத்தவர், அதைக் காண வருவோரைச் சந்திக்கும் இடம் சாலையோரக் கடை மட்டுமே என்றால், அந்தக் கடையின் தகரக்கூரையையும் பேணத்தக்க ஒன்றாகக் கருதவேண்டியிருக்கிறது.

மதுரைக்காரருக்கு இங்கே தம் ஊர்ப் புதுமண்டபம் நினைவுக்கு வருவது இயல்பு. திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த மண்டபத்தின் சிற்பத்தூண்களுக்கிடையே தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் தலைமுறைகளாக இருந்தன. சாமி கும்பிட வந்தவரும் ரவிக்கை தைக்க வந்தவரும் பள்ளிப் புத்தகம் வாங்க வந்தவரும் ஒரே யாளியின் கீழ் உரசிக்கொண்டு நடந்தனர். மண்டபத்தைக் காக்கும்பொருட்டு அண்மைக்காலத்தில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. தூண்கள் புகையிலிருந்தும் ஆணியிலிருந்தும் தப்பின, அது நல்லது. தூண்களுக்கிடையே ஓடிய தையல் இயந்திரங்களின் ஓசையைக் காக்க எந்தத் துறைக்கும் பொறுப்பில்லை, அது இழப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லத் தயங்குவோரிடம் நகரங்களை ஒப்படைக்க முடியாது.

ரிவர்ஸ்டன் கடைவாசலின் ஆற்றலை மிகைப்படுத்தவும் கூடாது. வெவ்வேறு குழுக்களின் சந்திப்பு எப்போது முன்முடிவுகளைக் குறைக்கும் என்று 1954இல் ஆராய்ந்த உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், சந்திப்பு மட்டும் போதாது, சம தகுதியும் பொது இலக்கும் ஒத்துழைப்பும் சட்டத்தின் ஆதரவும் வேண்டும் என்றார். தொடர்புக் கருதுகோள் எனப்படுவது இதுவே. கடைவாசலில் முதல் மூன்றும் சற்று நேரம் கிட்டின. நான்காவது வெளியிலிருந்துதான் வரவேண்டும். கடையில் சிங்கள முதியவரோடு ஒரே தரப்பில் நின்ற மூதாட்டியின் சமூகம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றதாக்கப்பட்டது; அந்தக் குறையை நீக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஒரே விலைக்குப் பிளேன்டீ வாங்கும் சமத்துவம் நாட்கூலிக்கும் நிலவுரிமைக்கும் தானாக நீண்டுவிடாது.

எனினும் அந்த வாசலில் செய்யக்கூடியவை உள்ளன, அவை பெரிய செலவுடையவையும் அல்ல. தோட்டத்துப் பெண்கள் அன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு பனிக்குள் புதர் தேடிச் சென்றனர்; கிழக்குக் கிராமத்துப் பெண்கள், ரத்தோட்டைவரை அடக்கிக்கொள்வதே வழக்கம் என்றார்கள். பெண்களுக்கான ஒரு கழிப்பறை, மழைச்சாரல் படாத நீண்ட இருக்கை, மும்மொழியிலும் எழுதிய பேருந்து நேரப்பலகை, உரச்சாக்குக்குப் பதில் நிலையான குப்பைத்தொட்டி ஆகியவை கடையையும் நிறுத்தத்தையும் ஒட்டியே அமையவேண்டும். சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் வாகனத் தரிப்பிடம் ஓரிடத்திலும், உணவகம் வேறிடத்திலும், பேருந்து நிறுத்தம் மலைக்குக் கீழேயும் பிரிக்கப்பட்டால், வேனில் வருபவர் வெற்றிலைப் பை முதியவரிடம் திட்டு வாங்கும் வாய்ப்பே இல்லாமற்போகும். லஞ்ச் சீட்டு மட்டும் குறுமரங்களின்மேல் கிடக்கும்.