பெர்மிட்டின் விலை

1992-ல் ஒரு டிராக்டர் உரிமையாளர் வக்கீலான என்னிடம் வந்தார். அவர் ஊரிலிருந்து தாலுகா தலைநகருக்கு பஸ் நாளுக்கு நான்கே டிரிப். ஒன்றை விட்டால் மூன்று மணி நேரம் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். தாமே ஒரு பஸ் விட பெர்மிட் கேட்டிருந்தார். அதற்கு நான்கு ஆட்சேப மனுக்கள்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அநாரோக்கியமான போட்டி ஏற்படும்", "பாலம் குறுகலானது", "பயணிகள் நலன் பாதிக்கப்படும்." ஐந்தாறு வருடம் முன்புவரை பஸ் முதலாளிகளுக்காக நானே எழுதிக் கொடுத்த வாசகங்கள்!

1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு இடம் தந்தது. ஏற்கெனவே பஸ் ஓட்டுபவர்களின் ஆட்சேபத்தைக் கேட்டுத்தான் புதிய பெர்மிட். தடத்துக்கு இத்தனை பஸ் என்று வரம்பும் விதிக்கலாம். அதனால் ஓடித் தேய்ந்த வண்டிகூட பெர்மிட்டோடு கைமாறும்போது பெருந்தொகைக்குப் போனது. இன்னொருவன் எளிதில் நுழைய முடியாது என்பதற்கான விலை அது.

1989 ஜூலை 1-ல் அமலான புதிய சட்டத்தின் 80-வது பிரிவு, சாதாரணமாகப் பெர்மிட்டை மறுக்கக் கூடாது என்றது. பழைய முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். போட்டிக்கு ஆள் வருவதைத் தடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று 1991-ல் மித்திலேஷ் கர்க் வழக்கில் தீர்ப்பானது.

எங்கள் விசாரணையில் அந்தத் தீர்ப்பைத்தான் நீட்டினேன். எதிரே நான்கு முதலாளிகள், நான்கு வக்கீல்கள். புளியமரத்தடியில் நிற்பவர்களில் ஒருவரும் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டு யார் வருவார்? பெர்மிட் கிடைத்தது.

அடுத்து, பஸ் புறப்படும் நேரத்தை முடிவு செய்யும் டைமிங் கூட்டம். அங்கும் அதே நால்வர். காலை 8 மணிக்குக் கேட்டோம். பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்காரர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, 10.40-க்குக் கிடைத்தது. பெர்மிட்டில் தோற்றவர்கள் டைமிங்கில் பாதியை மீட்டுக்கொண்டார்கள்.

நான்கு வருடம் கழித்து டிராக்டர்காரர் மறுபடி வந்தார்.

"சார், நம்ம ரூட்ல இன்னொருத்தன் பெர்மிட் கேட்டிருக்கான். ஒரு ஆட்சேபம் எழுதிக் குடுங்க."

அவரை ஜெயிக்க வைத்த தீர்ப்பையே எடுத்துக் காட்டினேன்.

"அது தெரியும் சார். டைமிங்லயாவது பாத்துக்குங்க."

நான் அந்த வழக்குக் கட்டை வாங்கவில்லை. வேறு வக்கீல் வாங்கியிருப்பார்.

அன்றிலிருந்து எந்தச் சீர்திருத்தச் சட்டம் வந்தாலும், அதை அமல்படுத்தும் கூட்டத்துக்கு யார் யாருக்கு நோட்டீஸ் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.