நகரும் நிலவறையில் அச்சான தாள்

பெல்ஜிய நாட்டுத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் நாம் தங்கியிருந்த குருமனையில், மாலைச் செபம் முடிந்தபின், முதிய குருவானவர் ஒருவர் அட்டைப்பெட்டியொன்றைத் திறந்து பழைய செய்தித்தாள் ஒன்றைக் காட்டினார். 'லா லிப்ர் பெல்ஜிக்', அதாவது 'சுதந்திர பெல்ஜியம்', என்பது அதன் பெயர். மரக்கூழால் ஆன மலிவுத் தாளாகையால் தேயிலைச் சாயம்போல் பழுத்து, மடிப்புகளில் விண்டிருந்தது.

1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றியபோது, தணிக்கைக்குப் பணிய மனமின்றித் தம் கத்தோலிக்க நாளேட்டையே நிறுத்திவிட்டவர் விக்டர் ஜூர்தேன் என்னும் முதியவர். அட்டைத் தொழிற்சாலை நடத்திய வான் டோரென் என்பாரின் துணையுடன் 1915 பிப்ரவரி முதல் நாள் இவ்விதழை மறைவாக வெளியிட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கர்தினால் மெர்சியே ஆண்டகையின் கிறிஸ்மஸ் சுற்றுமடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டு, மக்களை நிமிர்ந்து நிற்கச் செய்திருந்தது. சேசு சபைக் குருக்கள் சிலரும் இதழுக்குத் தோள் கொடுத்தனர்.

முகப்பைப் படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. ஒழுங்காக, ஆனால் ஒழுங்கின்றி வெளிவரும் இதழாம். அலுவலகம், இடம்விட்டு இடம் நகரும் நிலவறையாம். தந்தி முகவரியோ, ஜெர்மானியத் தளபதியின் அலுவலகமே! நம் பங்கு மடலும் குறித்த நாளில் வருவதில்லைதான். ஆயினும் அதற்கு நாம் கூறும் காரணம் இத்துணை வீரமானதன்று. 1915 ஜூனில் வந்த 30ஆம் இதழில், ஆளுநர் வான் பிஸ்ஸிங் இதே ஏட்டை ஏந்திப் படிப்பதுபோல் ஒட்டிச் சேர்த்த படமொன்றையும் துணிந்து அச்சிட்டனர்.

மறுநாள் ஸ்கார்பேக் பகுதியில் பழைய துப்பாக்கிப் பயிற்சிக் களம் இருந்த இடத்துக்குச் சென்றோம். அங்கே நமக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடக் கலைஞர் பிலிப் போக் இவ்விதழை வீடுவீடாகச் சேர்ப்பித்தவர். 1915 ஜூலை 31 இரவு காவலர் புகுந்தபோது, அவருடைய பெண்மக்கள் இதழ்க் கட்டுகளைச் சன்னல் வழியே வீசிப் பார்த்தனர், பயனில்லை. அக்டோபர் 12 விடியலில், செவிலி எடித் கேவலுடன் அவரும் இங்கே சுடப்பட்டார். இதழை விநியோகித்த கப்ரியேல் பெத்தீ என்னும் இளம்பெண்ணும் 1916 ஏப்ரல் முதல் நாள் இதே களத்தில் மாண்டார்.

இதழ் நிற்கவில்லை; 171 இதழ்கள் வெளிவந்தன. ஜூர்தேன் கடைசிவரை பிடிபடவேயில்லை. எனினும் 1918 அக்டோபரில், போர் ஓய ஒரு திங்களே இருக்கையில், கண்மூடினார்.

புறப்படும் முன் அத்தாளை மீண்டும் பார்க்க விரும்பினோம். முதியவர் விரித்துக் காட்டி மடிக்கையில் மேசைமீது சிறு துகளொன்று உதிர்ந்தது. விரல் நுனியை நனைத்து அதையும் ஒற்றியெடுத்து, உறைக்குள் இட்டுக்கொண்டார்.